எழுத்தை அளப்பது யார்?

ஒரே ஊரின் குடிநீர்ப் பிரச்னையைப் பற்றி இரண்டு பேர் எக்ஸ் தளத்தில் எழுத உட்காருகிறார்கள். ஒருவர் சந்தா கட்டாதவர். எழுத்து, இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 280 குறிகளைத் தொட்டதும் அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றவர் மாதச் சந்தா கட்டுகிறவர். அவருக்கு 25,000 குறிகள் வரை இடம் உண்டு. வித்தியாசம் ஏறத்தாழ 90 மடங்கு. இதே தளம் ட்விட்டர் என்ற பெயரில் வளர்ந்த ஆண்டுகளில் அமெரிக்க அதிபருக்கும் அரும்பாக்கம் ஆட்டோ ஓட்டுநருக்கும் ஒரே அளவுதான் இருந்தது: 140.

சமூக வலைதளங்களில் பதிவின் நீளம் என்பது கல்லில் செதுக்கிய கணக்கு அல்ல. ஃபேஸ்புக் 420 குறிகளிலிருந்து 63,206 வரை போயிருக்கிறது. த்ரெட்ஸ் 2023-இல் 500 குறிகளோடு தொடங்கி, 2025-இல் 10,000 குறிகள் கொண்ட நீள்பதிவை இணைக்க வழிசெய்தது. இன்ஸ்டாகிராம் படக்குறிப்புக்கு 2,200, லிங்க்டுஇன் பதிவுக்கு 3,000, மாஸ்டடானில் வழக்கமாக 500, புளூஸ்கையில் 300. இவற்றில் பல எண்களை முதலில் இயந்திரம் வகுத்தது, பிறகு வணிகம் வகுத்தது. எழுதுகிறவரின் மொழி கடைசியாகத்தான் கணக்கில் வந்தது. பல இடங்களில் இன்னும் வரவே இல்லை.

எல்லை இருப்பதில் குற்றமில்லை. அது எல்லாருக்கும் பொதுவான எல்லையா, அதை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது கேள்வி இன்னும் நெருக்கமானது.

தட்டச்சுப் பொறியில் பிறந்த 160

ஆண்டு 1985. அன்றைய மேற்கு ஜெர்மனியின் பான் நகரில், ஃபிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற தொலைத்தொடர்புப் பொறியாளர் தன் தட்டச்சுப் பொறியில் மனதுக்குத் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எழுத்து, எண், இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே ஓரிரு வரிகளில், 160 குறிகளுக்குள் முடிந்தன. அஞ்சலட்டைகளில் மக்கள் எழுதுவதும் டெலக்ஸ் செய்திகளின் நீளமும் அவர் கணக்குக்கு ஆதரவாக நின்றன. ஒரு குறுஞ்செய்திக்கு 160 போதும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அதற்கு மேல் கொடுக்க இயந்திரத்திலும் இடமில்லை. செல்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே அழைப்பு வருவது போன்ற கட்டுப்பாட்டுத் தகவல்களுக்கென்று ஒரு தனித் தடம் உண்டு. பெரும்பாலான நேரம் அது சும்மா கிடக்கும். அதன் வழியாகவே குறுஞ்செய்தியை அனுப்பிவிடலாம் என்பதுதான் திட்டம். அதில் ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 குறிகள் அடங்கின. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் பறந்தது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

தமிழ் அந்த 7 பிட்டுக்குள் அடங்கவில்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 16 பிட் ஆனது. அதே 1,120 பிட்டை 16-ஆல் வகுத்தால் கிடைப்பது 70. செய்தி நீண்டு, துண்டுகளாகப் போனால் துண்டுக்கு 67 குறிகள்தான். பின்னாளில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகள் தரநிலையில் சேர்ந்தன. ஆனாலும் நம் கைபேசிகளில் பெரும்பாலும் 70 கணக்குதான் ஓடியது. ஒரு செய்திக்கு இத்தனை பைசா என்று கட்டிய காலத்தில், தாய்மொழியில் எழுதியவர் இரண்டு மடங்குக்கு மேல் காசு கட்டினார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றியதற்குத் தமிழ் விசைப்பலகை இல்லாதது ஒரு காரணம், தமிழ் எழுத்துரு இல்லாதது இன்னொன்று. இந்தக் கணக்கையும் அதோடு சேர்க்க வேண்டும்.

2006-இல் ட்விட்டர் வந்தபோது அது குறுஞ்செய்தி வழியாக இயங்கும் சேவையாகத்தான் வடிவமைக்கப்பட்டது. 160-இல் 20 குறிகளைப் பயனர் பெயருக்கு ஒதுக்கினார்கள். மிச்சம் 140. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, செயலி வந்தது. குறுஞ்செய்தித் தடத்துக்கும் ட்வீட்டுக்கும் இருந்த தொடர்பு தேய்ந்துபோனது. காரணம் மறைந்த பிறகும் எண் மட்டும் நின்றது. தளத்தின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது.

ஃபேஸ்புக்கின் எண்ணுக்குப் பின்னால் அந்த அளவுக்கான காரணம்கூட இல்லை. 2011-இல் ஜூலை மாதம் 420-ஐ 500 ஆக்கினார்கள், செப்டம்பரில் 5,000, நவம்பரில் 63,206. கடைசி எண் எங்கிருந்து வந்தது என்பதை அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே விளக்கியிருக்கிறார். தளத்தின் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பதினாறடி எண்முறையில் ஓர் எண்ணாகப் படித்தால் 64,206 வரும். பெயரின் கடைசி எழுத்தை ஆயிரமாகக் கொண்டு கழித்தால் 63,206. கோடிக்கணக்கான மனிதர்கள் எவ்வளவு எழுதலாம் என்பதை ஒரு பெயர் விளையாட்டு தீர்மானித்தது.

140-க்குள் ஒரு வெள்ளம்

குறுகிய பதிவின் வலிமையைத் தமிழ்நாடு நேரில் கண்டது 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தின்போது. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை தாண்டியது. தரைத்தளங்கள் மூழ்கின, மின்சாரம் போனது, தொலைபேசி இணைப்புகள் விட்டுவிட்டு வந்தன. அந்த நாட்களில் ட்விட்டரில் ஓடியவை கருத்துகள் அல்ல, முகவரிகள். எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை பேர், யாருக்கு மருந்து வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்ற விவரங்கள்.

அப்படி ஒரு பதிவின் இடக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 'சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்' என்று ஆங்கிலத்தில் ஒட்டி எழுதிய ஹேஷ்டேக் 17 குறிகள். தொலைபேசி எண் 10. இரண்டு இடைவெளிகள். 140-இல் 29 போய்விட்டது. மிச்சமுள்ள 111-க்குள் ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். வருத்தத்துக்கும் கோபத்துக்கும் அதில் இடமில்லை. அதனால்தான் அந்தப் பதிவுகளை ஒரு பார்வையில் படிக்க முடிந்தது, படித்ததும் பகிர முடிந்தது, படகு வைத்திருந்தவரிடம் சேர்க்க முடிந்தது. யாரோ ஒருவர் ஆயிரம் வார்த்தைகளில் எழுதியிருந்தால் அடுத்தவரின் முகவரி திரையின் அடியில் போயிருக்கும். சிறிய எல்லை அன்று எல்லாருக்கும் இடம் கொடுத்தது.

அமைதியான காலத்திலும் 140 நமக்கு ஒரு பயிற்சிக் களமாக இருந்தது. தமிழ்க் கீச்சர்கள் என்று ஒரு தலைமுறையே உருவானது. நகைச்சுவை, அரசியல் குத்தல், காதல், சினிமா விமர்சனம் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லக் கற்றார்கள். வெகுஜன இதழ்கள் அந்தக் கீச்சுகளைத் தொகுத்து அச்சிட்டன. ஆனந்த விகடனின் 'வலைபாயுதே' பகுதி அதில் முன்னோடி. பத்திரிகை அலுவலகப் படியையே மிதிக்காத பலரின் பெயர் அப்படித்தான் அச்சில் ஏறியது.

புள்ளி வைத்தால் இரண்டு

அந்த வெள்ள நேரத்தில் ஒருவர் தமிழில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'முதியவர் இருவர், குழந்தை ஒன்று. படகு தேவை.' பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எண்ணச் சொன்னால் எழுத்துகள் 21 என்று சொல்லும். இடைவெளி, நிறுத்தக்குறிகள் 8. மொத்தம் 29. ட்விட்டரின் கணக்கில் இது 42.

இந்த 13 எங்கிருந்து முளைத்தது? கணினி தமிழை எழுத்து எழுத்தாகச் சேமிப்பதில்லை. இந்திய மொழிகளுக்காக உருவான இஸ்கி என்ற முறையை ஒட்டி, 1991-இல் வந்த யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் அகரமேறிய 'க' ஒரு குறி. 'கா' என்றால் க-வும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு. 'கி', 'கு', 'கொ' எல்லாமே இரண்டு. 'க்' என்ற மெய்யும் இரண்டு, ஏனென்றால் புள்ளி தனிக் குறி. 'ஸ்ரீ' நான்கு. 'தமிழ்' என்று மூன்றெழுத்து எழுதினால் ஐந்து குறிகள் கழிந்துவிடும். 'எழுத்து' என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கு ஏழு.

தமிழுக்கு எழுத்தை அளக்கத் தெரியாதா? தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்தது. யாப்பில் கட்டளைக் கலித்துறை என்று ஒரு வகை உண்டு. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பாட்டு தவறு. ஆனால் எண்ணும்போது ஒற்றெழுத்தைக் கழித்துவிட வேண்டும். அபிராமி அந்தாதியும் கந்தர் அலங்காரமும் இந்த அளவுக்குள் நின்று பாடிய நூல்கள். எழுத்தெண்ணிப் பாடுவது நமக்குப் புதிதல்ல. நம் மரபில் அரை மாத்திரை பெற்ற, பாட்டில் எண்ணப்படவே செய்யாத ஒற்றுக்கு, வலைதளம் அகரமேறிய எழுத்தைப் போல் இரண்டு மடங்கு கட்டணம் போடுகிறது. தமிழில் ஒற்று இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதுவதே அரிது.

யூனிகோடின் சேமிப்பு முறையை இங்கே குறை சொல்லவில்லை. அந்த முறையால்தான் இன்று எந்தக் கைபேசியிலும் தமிழ் தெரிகிறது, தேடினால் கிடைக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற முறையையும் 2010-இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. ஆனால் உலகம் யூனிகோடிலேயே ஓடுகிறது, ஓடட்டும். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே எப்படிச் சேமிப்பது என்பது இயந்திரத்தின் வசதி. அந்த வசதிக்கான அலகை எடுத்து மனிதர் எவ்வளவு பேசலாம் என்பதை அளப்பதுதான் தவறு.

சரியான அலகு இல்லாமலும் இல்லை. வாசகரின் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணும் முறையை யூனிகோடு அமைப்பே 'கிராஃபீம்' என்ற பெயரில் வகுத்து வைத்திருக்கிறது. புளூஸ்கை தன் 300-ஐ அப்படித்தான் எண்ணுகிறது. மேலே சொன்ன வெள்ளச் செய்தி அங்கே 29 தான். எக்ஸ் தளத்தின் 280-ஐ அதே விகிதத்தில் பார்த்தால் தமிழருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 190 எழுத்து.

எக்ஸ் தளத்துக்கும் இது தெரியாத வித்தையல்ல. எமோஜி விஷயத்தில் அவர்களே இதைச் செய்திருக்கிறார்கள். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் நிற்கும் குடும்ப எமோஜி உள்ளே ஏழு குறிகளால் ஆனது. தோல் நிறம் மாற்றினால், ஆண் பெண் மாற்றினால் எமோஜிகளின் குறிகள் கூடும். எந்த எமோஜியைத் தேர்ந்தெடுத்தாலும் யாருக்கும் இடம் குறையக் கூடாது என்று 2018 அக்டோபரில் எல்லா எமோஜிகளுக்கும் ஒரே கணக்காக இரண்டு என்று அறிவித்தார்கள். அருமையான முடிவு. சிரிக்கும் முகத்துக்குக் கிடைத்த அந்த நியாயம் உயிர்மெய்க்கும் மெய்க்கும் ஏன் கிடைக்கவில்லை?

280 வந்தபோது என்ன நடந்தது?

மொழிக்கு மொழி அளவு வேறுபடும் என்பதை ட்விட்டர் ஒரு முறை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. 2017 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி ஆங்கில ட்வீட்டுகளில் 9 சதவீதம் 140-ஐ முட்டிக்கொண்டு நின்றன. ஜப்பானிய மொழியில் அது வெறும் 0.4 சதவீதம். ஜப்பானிய எழுத்து ஒன்றுக்குள் ஒரு சொல்லின் பாரமே அடங்கும், ஆங்கிலத்தில் அப்படி இல்லை. எனவே அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று சீனம், ஜப்பானியம், கொரிய மொழி நீங்கலாக மற்ற மொழிகளுக்கு எல்லை 280 ஆனது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பட்டியலில் சேர்ந்தன. ஜப்பானிய மொழி நெருக்கமானது என்று நுணுக்கமாகப் பார்த்தவர்கள், ஒரே எழுத்துக்கு இரண்டு குறி ஆகும் மொழிகளின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று எழுந்த எதிர்ப்பு பெரியது. தளத்தின் உயிரே போய்விடும், இனி எல்லாரும் கட்டுரை எழுதுவார்கள் என்றார்கள். ஓராண்டு கழித்து நிறுவனம் வெளியிட்ட விவரம் வேறு மாதிரி இருந்தது. 280-ஐ முட்டிய ட்வீட்டுகள் 1 சதவீதம்தான். 140-ஐத் தாண்டியவை 12 சதவீதம். ஆங்கில ட்வீட்டில் அதிகம் காணப்பட்ட நீளம் 34 குறிகளிலிருந்து 33 ஆனது. இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக மக்கள் வளவளவென்று எழுதிவிடவில்லை. ஆனால் ஒரு நல்ல மாற்றம் வந்தது. 'தயவுசெய்து' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் பயன்பாடு 54 சதவீதம் கூடியது. 'நன்றி' 22 சதவீதம் கூடியது. எண்ணையும் எழுத்தையும் கலந்து வெட்டிய சுருக்கெழுத்துகள் குறைந்தன. இடம் போதாதபோது மனிதர் முதலில் வெட்டியது மரியாதையைத்தான் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

ஆய்வாளர்கள் இதை ஓர் அரிய வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டினா கிளிகோரிச், ஆஷ்டன் ஆண்டர்சன், ராபர்ட் வெஸ்ட் மூவரும் 140 குறிகளை ஒட்டி நின்ற பழைய ட்வீட்டுகளையும், எல்லை உயர்ந்த பிறகு அதே நீளத்தில் எழுதப்பட்டவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெருக்கடியில் எழுதப்பட்டவை இறுக்கமாக இருந்தன, சுருக்கங்கள் மிகுந்திருந்தன. அவையே அதிகம் விரும்பப்பட்டதற்கும் பகிரப்பட்டதற்கும் தொடக்கநிலைச் சான்றுகள் கிடைத்தன. ஒரே நீளம்தான். ஆனால் வெட்டிச் செதுக்கி அந்த நீளத்துக்கு வந்தது வேறு, தானாக அங்கே முடிந்தது வேறு.

கோகில் ஜைத்கா, ஆல்வின் ஜோ, இப்தாக் லெல்கெஸ் ஆகியோர் வேறு பக்கம் பார்த்தார்கள். அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு மக்கள் எழுதிய பதில்களை எடுத்து, எல்லை இரட்டிப்பானதும் பேச்சின் தரம் என்ன ஆனது என்று ஆராய்ந்தார்கள். வசை குறைந்தது, பணிவு கூடியது, விவாதம் பயனுள்ளதாக ஆனது. கூடவே, அடுத்தவர் நிலையிலிருந்து பார்க்கும் பரிவும் மதிப்பும் சரிந்து வந்தன என்றும் கண்டார்கள்.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். குறுகிய இடம் சொல்லைக் கூர்மையாக்கும். விரிந்த இடம் வாதத்தை நிதானமாக்கும். எது வேண்டும் என்பது பேசும் விஷயத்தைப் பொறுத்தது. வெள்ளத்தில் முகவரிக்கு 140 போதும். நீட் தேர்வைப் பற்றியோ தொகுதி மறுவரையறையைப் பற்றியோ மாற்றுக் கருத்துள்ளவரோடு பேச 280 போதாது. எந்த நீளம் என்று முடிவுசெய்யும் உரிமை எழுதுகிறவர் கையில் இருக்க வேண்டும்.

நீளம் விற்பனைக்கு வந்தது

2023 பிப்ரவரியில் அந்த உரிமைக்கு விலை வைத்தார்கள். எலான் மஸ்க்கின் கைக்குப் போன ட்விட்டர், சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் 4,000 குறிகள் என்று அறிவித்தது. ஏப்ரலில் அது 10,000 ஆனது. தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் சேர்ந்து வந்தன. ஆண்டின் நடுவில் 25,000-ஐத் தொட்டது. இந்தியாவில் சந்தா அறிமுகமானபோது வலைதளம் வழியாக மாதம் 650 ரூபாய், கைபேசி வழியாக 900 ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போன ஒருவருக்கு அது இரண்டு, மூன்று நாள் கூலி.

கட்டணத்தோடு வருவது நீளம் மட்டும் அல்ல. சந்தாதாரரின் பதில்கள் உரையாடலில் முன்னே தூக்கி வைக்கப்படுகின்றன. அதாவது காசு கொடுத்தவர் அதிகம் பேசலாம், முதலிலும் பேசலாம். மேடையில் ஒலிபெருக்கியை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, எல்லாரும் பேசலாம் என்று அறிவிப்பதற்கு ஒப்பானது இது.

நிறுவனங்களுக்கு நீளத்தின் மேல் திடீரென்று ஏன் இந்தப் பாசம்? 2023 மார்ச் இறுதியில் ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்தது. ஒரு பதிவை உங்கள் முன் கொண்டுவரலாமா என்று முடிவெடுக்க, நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்று இயந்திரம் கணிக்கிறது. ஒவ்வொரு கணிப்புக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. நீங்கள் லைக் போடுவீர்கள் என்ற கணிப்புக்கு 0.5. உள்ளே போய் இரண்டு நிமிடமாவது தங்குவீர்கள் என்ற கணிப்புக்கு 10. இருபது மடங்கு! வாசகரின் நேரம்தான் அங்கே சரக்கு. குறுகிய பதிவு வாசகரைச் சீக்கிரம் விட்டுவிடும். நீண்ட பதிவு பிடித்து வைக்கும். எழுத்தாளருக்குச் சுதந்திரம் என்று சொல்லித் திறந்த கதவு, விளம்பரக் கணக்குக்கும் வசதியான கதவு என்பது என் கணிப்பு.

காணொளியிலும் இதே கதைதான். ஆறு விநாடிக் காணொளிகளுக்கான வைன் தளம் மூடப்பட்டது. 15 விநாடியில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 2025 ஜனவரியில் மூன்று நிமிடம் ஆனது. 60 விநாடியாக இருந்த யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் அதே மூன்று நிமிடத்துக்கு வந்தது. குறுமையைச் சொல்லி ஆளைச் சேர்ப்பது, சேர்ந்த பிறகு நீளத்தைக் கூட்டுவது என்பது இந்தத் தொழிலின் வழக்கமான பாதை.

நீளம் கூடிய பிறகும் எல்லை ஒழிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 25,000 குறிகளில் எழுதினாலும் டைம்லைனில் முதலில் தெரிவது தொடக்கத்துத் துண்டு மட்டுமே. மிச்சம் 'மேலும் காட்டு' என்ற பொத்தானுக்குப் பின்னால். ஃபேஸ்புக்கிலும் லிங்க்டுஇன்னிலும் இன்ஸ்டாகிராமிலும் இதுதான் ஏற்பாடு. முன்பு எழுதுகிறவர் கையைக் கட்டிய எல்லை இப்போது வாசிக்கிறவரின் விரலுக்கு மாறியிருக்கிறது. விளைவு, முதல் இரண்டு வரிகளில் அதிர்ச்சி வைத்து, உண்மையை மூன்றாவது பத்தியில் புதைக்கும் எழுத்து பெருகுகிறது. பலர் பொத்தானை அழுத்துவதில்லை என்று தெரிந்தே சிலர் இப்படி எழுதுகிறார்கள். வதந்தி பரவ இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

படமாகிப்போன அறிக்கைகள்

சந்தா வருவதற்கு முன்பும், இடம் போதாதவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தொடர்ச்சியாக எழுதினார்கள். மக்கள் கண்டுபிடித்த இந்த த்ரெட் முறையை 2017 டிசம்பரில் ட்விட்டர் தன் வசதியாகவே சேர்த்துக்கொண்டது. ட்விட்லாங்கர் போன்ற வெளிச்சேவைகள் வந்தன. இன்னொரு வழி, எழுதியதைப் படம் பிடித்து ஒட்டுவது. 2016 ஜனவரியில் 10,000 குறி எல்லை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது, அதற்கு விளக்கம் சொல்ல ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டார்சியே நீண்ட உரையைப் படமாகத்தான் போட்டார்.

நம் ஊரில் இந்தப் பழக்கம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. கட்சித் தலைவரின் கண்டன அறிக்கை, தயாரிப்பாளரின் விளக்கம், மாவட்ட நிர்வாகத்தின் மழை எச்சரிக்கை, தேர்வு தள்ளிவைப்பு அறிவிப்பு என எல்லாம் அறிக்கைத் தாளைப் படமெடுத்த பதிவாக வருகின்றன. பார்வைக் குறைபாடு உள்ளவர் கைபேசியில் திரைவாசிப்பான் வைத்திருப்பார். எழுத்தாக இருந்தால் அது தமிழில் படித்துச் சொல்லும். படம் என்றால் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படத்துக்கு விளக்கம் எழுதும் வசதியை ட்விட்டர் 2016-லேயே கொடுத்தது. அதை நிரப்புகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். மழை எச்சரிக்கை யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமோ அவருக்கே சேராமல் போகிறது.

படமான எழுத்து தேடலில் சிக்காது. நான்கு வருடம் கழித்து ஒரு தலைவர் சொன்னதை நினைவூட்ட நினைத்தால் கிடைக்காது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2010-இல் பொது ட்வீட்டுகள் அத்தனையையும் சேமிக்கத் தொடங்கி, 2018 முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே சேமிப்பது என்று மாறியது. அதற்குச் சொன்ன காரணங்களில் இவையும் உண்டு: தங்களுக்கு வருவது எழுத்து மட்டுமே, படமும் காணொளியும் வருவதில்லை, ட்வீட்டின் நீளமும் கூடிவருகிறது. ஒரு தலைமுறையின் பேச்சு ஆவணத்துக்கு வெளியே நழுவுவதற்கு எல்லைகளும் ஒரு காரணமாக இருந்திருக்கின்றன.

நாம் கேட்க வேண்டியவை

எல்லையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அளவில்லாத பேச்சில் எளியவரின் குரல்தான் முதலில் அமுங்கும். கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, எல்லை எதுவானாலும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். விளம்பரமில்லாத திரை, கூடுதல் அலங்காரம், காணொளித் தரம் இவற்றை விற்கலாம். பொதுவெளியில் பேசும் நேரத்தை விற்கக் கூடாது. ஏழையின் பதிவு நடுவில் அறுந்து, வசதியுள்ளவரின் பதிவு ஆற அமர நீளும் இடத்தைப் பொதுமேடை என்று சொல்வது பொய்.

இரண்டாவது, எழுத்தை எழுத்தாக எண்ணட்டும். புளூஸ்கை செய்கிறது, எமோஜிக்கு எக்ஸே செய்கிறது. தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் தடை. உத்தமம் போன்ற தமிழ்க் கணிமை அமைப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இதை ஒரு கோரிக்கையாக நிறுவனங்களிடம் கொண்டுபோக வேண்டும். மலையாளம், தெலுங்கு, இந்தி, சிங்களம் எழுதுகிறவர்களுக்கும் இதே இழப்புதான் என்பதால் துணைக்கு ஆள் கிடைக்கும்.

மூன்றாவது கோரிக்கை நம் வீட்டுக்குள்ளே. அரசு இணையதளங்களில் புகார் எழுதும் பெட்டி, விண்ணப்பப் படிவம், கருத்துக் கேட்புப் பக்கம் எனப் பலவற்றில் இத்தனை குறிகளுக்குள் என்று ஓர் எல்லை உண்டு. அங்கே எண்ணுவது எழுத்தையா, குறியையா, பைட்டையா என்று நிரல் எழுதுகிறவர் ஒரு முறை யோசிக்க வேண்டும். இணையத்தில் தமிழ்க் குறி ஒன்று வழக்கமாக மூன்று பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்து ஒன்றே ஒன்று. பைட் கணக்கில் வைத்த பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதியவரின் மனு முழுதாகப் போகும். தமிழில் எழுதியவரின் மனு மூன்றில் ஒரு பங்கில் நின்றுவிடும். பட்டா மாறவில்லை என்று எழுத வந்த விவசாயிக்கு, தமிழ்நாட்டு அரசின் பக்கத்திலேயே இது நேரக் கூடாது. உலக நிறுவனங்களிடம் கேட்பதற்கு முன் நம் டெண்டர் ஆவணங்களிலும் மென்பொருள் விதிகளிலும் 'தமிழில் எழுத்துக் கணக்கே அளவு' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை.

எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. இடம் இல்லை என்பதற்காக மரியாதையையோ உண்மையையோ வெட்ட வேண்டியதும் இல்லை. அறிக்கை விடுகிற தலைவர்களும் அதிகாரிகளும் படத்தோடு எழுத்தையும் சேர்த்துப் போடுங்கள். நீள்பதிவு எழுதுகிறவர்கள் முக்கியமானதை முதல் வரியில் சொல்லுங்கள். எழுத்தெண்ணிப் பாடிய மரபில் வந்தவர்களுக்கு அளவோடு எழுதுவது கடினமல்ல. அந்த அளவு நம் மொழியின் அளவாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதை இப்போதே கேட்போம்.